டிக்கெட் மலிவு, ஊர் தூரம்!

விமான டிக்கெட்டில் காசு மிச்சம் பிடிக்கிற ஆசாமிகள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். இவர்களை நம்பியே சில விமானக் கம்பெனிகள் பிழைப்பு நடத்துகின்றன. பெரிய விமான நிலையத்தில் இறங்கினால் வாடகை ஜாஸ்தி என்று எங்கோ ஒரு வயல்வெளிப் பக்கம் இறக்கிவிட்டு, 'ஊர் வந்தாச்சு ஸார்' என்று சொல்லிவிடுவார்கள். ஜெர்மனியில் 'ஃபிராங்ஃபர்ட் ஹான்' என்று ஒரு விமான நிலையம். பேரில்தான் ஃபிராங்ஃபர்ட். அசல் ஃபிராங்ஃபர்ட் அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர். பாரீஸ் என்று டிக்கெட் வாங்கிப் போவே என்ற ஊரில் இறங்கி, பஸ் பிடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போய் பாரீஸைப் பார்க்கிறவர்களும் உண்டு. சென்னை என்று சொல்லி வந்தவாசியில் இறக்கிவிடுகிற மாதிரி!

அமெரிக்காவில் டிஸ்னி வேர்ல்டு பார்க்கப் போகிற குடும்பங்கள் இதில் டாக்டர் பட்டமே வாங்கியவர்கள். பக்கத்தில் ஆர்லாண்டோவில் பெரிய விமான நிலையம் இருக்கும். ஆளுக்கு நாற்பது டாலர் குறைகிறது என்று வேறு ஊரில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, பின்சீட்டில் குழந்தைகள் அடித்துக்கொள்ள, ஓட்டிக்கொண்டே வருவார்கள். அந்த டிஸ்னி வேர்ல்டே அப்படிப் பிறந்ததுதான். ஃப்ளோரிடாவில் சதுப்பும் காடுமாகக் கிடந்த நிலத்தை, வாங்குகிறவர் யார் என்று வெளியே தெரியாமல் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் வாங்கிப் போட்டார்கள். தூரம், ஆகவே மலிவு. 1971-ல் திறந்தார்கள். நிலம் மலிவாகக் கிடைத்தது கம்பெனிக்கு. தூரத்துக்குக் காசு கட்டுவது குழந்தை குட்டியோடு வருகிறவன்.

தீம் பார்க் ஊருக்கு வெளியே. மலிவு விமான நிலையமும் ஊருக்கு வெளியே. ஆனால் ஒரே பக்கத்து வெளியே அல்ல. நடுவில் கிடக்கிற தூரத்தை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற ஜீவனுக்குத் தமிழில் 'குடும்பஸ்தன்' என்று பெயர்.

இந்த வித்தை நம் வீட்டுக்கு வராது என்றுதான் நினைத்திருந்தேன். 2025 டிசம்பர் லீவில் வந்தது. மச்சினர் ரூபத்தில்!

ஆளுக்கு ஆறாயிரம்

எங்கள் வீடு திருவொற்றியூர் தேரடிப் பக்கம். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். வயது எண்பத்தொன்று. மச்சினர் அவருக்கு ஒரே பிள்ளை. மஸ்கட்டில் வேலை. மனைவி, பையன், பெண் என்று நாலு டிக்கெட்.

போனில் மச்சினரின் குரலில் புதையல் கண்டவன் சந்தோஷம்.

"மாமா, சென்னைக்குப் போடலே. பெங்களூருக்குப் போட்டிருக்கேன். ஆளுக்கு ஆறாயிரம் கம்மி. நாலு பேருக்கு இருபத்து நாலாயிரம்!"

"பெங்களூர்லே இறங்கி...?"

"கார் எடுத்துக்கிறேன். ஜம்முனு வந்துடுவேன். பசங்களை அந்தப் புது தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறதா வாக்குக் குடுத்திருக்கேன். எப்படியும் கார் தேவைதானே?"

புது தீம் பார்க் என்று அவர் சொன்னது திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவை. இதில் ஒரு வேடிக்கை, கவனியுங்கள். அதே வொண்டர்லா பெங்களூர் பக்கம் பிடதியில் 2005-லிருந்து இருக்கிறது! அதாவது, தீம் பார்க் இருக்கிற ஊரில் இறங்கி, தீம் பார்க் பார்ப்பதற்காக, தீம் பார்க் இல்லாத திருவொற்றியூர் வழியாக, இன்னொரு தீம் பார்க்குக்குப் போகிறார்.

இதைச் சொன்னால், "அம்மா திருவொற்றியூர்லதானே மாமா இருக்காங்க" என்றார். நியாயமான பதில். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதைச் சொன்னால் வட சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு உள்ளேயே ஏறி உட்கார்ந்தால், வண்டி மாறாமல், ஏ.ஸி.யில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கலாம். டிக்கெட் ஐம்பது ரூபாய். எங்கள் பேட்டைக்கு வந்த சௌகரியங்களிலேயே மிகப் பெரியது அதுதான். அதை விட்டுவிட்டு நம் ஆள் தேவனஹள்ளியில் இறங்குகிறார்! பெங்களூர் விமான நிலையம் 2008-லிருந்து அங்கேதான். பெங்களூர்க்காரர்களே, 'அது பெங்களூரா?' என்று அலுத்துக்கொள்கிற தூரம். அங்கிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர்.

வாலாஜாவில் ஒரு ராத்திரி

மத்தியானம் ஒரு மணிக்கு விமானம் இறங்கியது. இமிக்ரேஷன், பெட்டி, வாடகைக் கார் கையெழுத்து எல்லாம் முடிந்து கிளம்பும்போது மணி நாலு. ஹொஸ்கோட்டை, கோலார், முல்பாகல், பலமநேர், சித்தூர் என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் எங்கள் வீட்டுக்கு போன் வந்தது. முதல் போனில் உற்சாகம். கோலாரில் பையனுக்குப் பசி. முல்பாகலில் தோசை. பலமநேர் தாண்டி வளைவுகளில் அந்தத் தோசை வெளியே வந்தது. சித்தூரில் மச்சினர் மனைவி பேசவில்லை. போனில் பேசவில்லை என்று சொல்லவில்லை, மச்சினரோடு பேசவில்லை.

ராத்திரி ராணிப்பேட்டைக்கும் வாலாஜாவுக்கும் நடுவில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டார்கள். கண் சொருகுகிறது, இனி ஓட்ட முடியாது என்றார். வாஸ்தவம். புத்திசாலித்தனமும்கூட.

மாமியார் அன்று ராத்திரி பதினோரு மணி வரை சாப்பிடாமல் வாசல் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். வஞ்சிர மீன் குழம்பு அடுப்பிலிருந்து இறங்கி ஆறிப்போயிருந்தது.

"எங்க கீறான்?"

"வாலாஜாவுல அத்தை. காலையிலே வந்துடுவாரு."

"வாலாஜாவா? அந்தக் காலத்து ரயிலே அங்கேர்ந்து ராயபுரத்துக்கு வந்துகினு இருந்துச்சே..."

மாமியார் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் சரித்திரம். தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பிப் போய்ச் சேர்ந்த இடம் வாலாஜா ரோடுதான். சுமார் 100 கிலோமீட்டர். ராயபுரம் ஸ்டேஷனின் அந்தப் பழைய கட்டடம், தூண்களோடு, இன்னும் நிற்கிறது. தெற்கே ரயிலேற வேண்டுமானால் எல்லோரும் எங்கள் பக்கம் வர வேண்டியிருந்த காலம் அது. அப்போது ராயபுரம் தூரம் இல்லை. மற்ற ஊர்களெல்லாம்தான் ராயபுரத்துக்குத் தூரம்!

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாலாஜாவை விட்டார்கள். பூந்தமல்லி வழியாக ஊருக்குள் வந்தால் டிராஃபிக் என்று, வெளிவட்டச் சாலையைப் பிடித்து மீஞ்சூர் வந்தார்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை அகலமான ரோடு. கார் வழுக்கிக்கொண்டு போகும். "மாமா, அரை மணியில் வீட்டில் இருப்பேன்" என்று போன். மணி பதினொன்று.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிவட்டச் சாலை முடிகிற இடத்தில்தான் எங்கள் ஊர் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து வல்லூர், மணலி புதுநகர், எண்ணூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்டெய்னர் லாரி, டாங்கர் லாரி, நிலக்கரி லாரி. எண்ணூரில் 2001-லிருந்து ஒரு துறைமுகம். 2014-லிருந்து அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர். தெற்கே பழைய சென்னைத் துறைமுகம். நடுவில் மணலி சுத்திகரிப்பு ஆலை, 1969-லிருந்து. அனல் மின் நிலையங்கள். இவ்வளவுக்கும் போகிற வருகிற லாரி எல்லாம் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான். ஒரு கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அதன் கதவில் எழுதியிருக்கிற ஆங்கில எழுத்து, நம்பர் அத்தனையும் மனப்பாடம் ஆகிவிடும்.

மச்சினருக்கும் ஆயிற்று. அரை மணி என்றவர் இரண்டே முக்கால் மணி கழித்து வந்து சேர்ந்தார். வழியில் ஜன்னலை இறக்கி ஒரு லாரி டிரைவரைக் கேட்டாராம். "அண்ணே, எப்போ நகரும்?"

"நானு நேத்து நைட்டுலேர்ந்து நிக்கிறேன் ஸார். நீ இன்னா இப்போ வந்துட்டுக் கேக்குறே?"

நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். நமக்கு அது ஒரு மத்தியானம். அவருக்கு அதுதான் உத்தியோகம்.

மாமியார் பேத்தியை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். பேத்தி ஐந்தாவது நிமிஷம் தூங்கிப்போனாள். பேரன் சோபாவில் தூங்கினான். மச்சினர் தரையில். விமானம் இறங்கி இருபத்தைந்து மணி நேரம் ஆகியிருந்தது. ஆறு நாள் பயணத்தில் ஒரு நாள் சுத்தமாகக் காலி.

எண்ணூர் என்ற உல்லாசபுரி

அடுத்த நாள் மாமியார் ஒரே ஒரு ஆசை சொன்னார். "புள்ளைங்களை எண்ணூர் மொகத்துவாரம் இட்டுனு போவலாமா? நானு சின்னப் பொண்ணா இருந்தப்போ காணும் பொங்கலுக்கு வண்டி கட்டினு போவோம்."

மச்சினர் என்னைப் பார்த்தார். எண்ணூரா? உல்லாசப் பயணத்துக்கா?

சிரிக்க வேண்டாம். எண்ணூர் ஒரு காலத்தில் சென்னைப்பட்டினத்தின் உல்லாசபுரிதான். கோட்டையிலிருந்த வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கும் ஓய்வுக்கும் எண்ணூருக்குத்தான் ஓடினார்கள். கழிமுகத்தை ஒட்டிப் பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். படகு விட்டார்கள், மீன் பிடித்தார்கள், விருந்து வைத்தார்கள். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டியாயிற்று. காசு போட்ட காக்ரேன் துரையின் பெயரே கால்வாய்க்கு. பிறகு 1876–78 பஞ்சத்தின்போது கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்களைக் கொண்டு நிவாரண வேலையாகக் கால்வாயை நீட்டி இணைத்து, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பெயரை வைத்தார்கள். உப்பும் விறகும் படகில் வந்த அந்தத் தண்ணீரில் இன்று என்ன போகிறது என்று நான் எழுத வேண்டியதில்லை. பஸ்ஸில் போகும்போது மூக்கே சொல்லும்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கார் போயிற்று. இடது பக்கம் தொழிற்சாலைகள். வலது பக்கம் கடல். கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் மணல் இருக்க வேண்டிய இடத்தில் பாறாங்கல். ஆள் உயரக் கற்களை மலை மாதிரிக் கொட்டிவைத்திருக்கிறார்கள்.

"ஆயா, பீச் எங்கே?" என்றாள் பேத்தி.

"கல்லுக்கு அடியில கீது" என்றார் மாமியார்.

வழியில் பேரனுக்கு ஊர்ப் பெருமை சொல்லிக்கொண்டு வந்தேன். இதோ, இந்தத் திருவொற்றியூரில்தான் 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்ய ஆரம்பித்தார். அந்த பலூன்தான் வளர்ந்து எம்.ஆர்.எஃப். டயர் ஆயிற்று. புல்லட் மோட்டார் சைக்கிள் 1955-லிருந்து இங்கே பிறந்ததுதான். அந்தப் பக்கம் அசோக் லேலண்ட், லாரி பிறக்கிற இடம். பையனுக்கு பலூன் விஷயம் மாத்திரம் பிடித்திருந்தது. "டயரையும் ஊதித்தானே பண்றாங்க?" என்றான். மறுக்க முடியவில்லை.

முகத்துவாரத்தில் இறங்கினோம். கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிற இடம். எதிரே பட்டை போட்ட புகைபோக்கிகள் வரிசையாக வானத்தில் நின்றன. பேத்தி கை நீட்டி, "அது எந்த ரைடு?" என்று கேட்டாள்.

"அதுலே புகை மட்டும்தான் ஏறும் கண்ணு."

எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 1970-ல் மின்சாரம் தர ஆரம்பித்து 2017-ல் ஓய்ந்துவிட்டது. அதற்கு வடக்கே வட சென்னை அனல் மின் நிலையம் 1994-லிருந்து ஓடுகிறது. நிலக்கரி எரிந்தால் மின்சாரம் கம்பி வழியாக ஊருக்குப் போகும். சாம்பல் எங்கே போகும்? அது தூரப் பயணத்தை விரும்பாத வஸ்து. கழிமுகத்தின் பல இடங்களில் படிந்து, படகு போன ஆழத்தில் இப்போது கொக்கு நிற்கிறது.

முழங்கால் தண்ணீரில் ஒரு பெரியவர் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். வாயில் ஓலைப் பறி. பல்லால் கவ்விப் பிடித்திருந்தார். ஒரு நிமிஷத்துக்கு ஒரு தரம் கையில் ஏதோ துள்ளும்; அது பறிக்குள் போகும். இறால்! வலையில்லை, தூண்டிலில்லை, வெறும் கை. குழந்தைகள் இரண்டும் ஒரு மணி நேரம் அசையவில்லை. பேரன் அவரிடம் போய், "எப்படி அங்கிள் கண்டுபிடிக்கிறீங்க?" என்றான்.

பெரியவர் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார். "காலுதான்பா கண்ணு. மிதிச்சாத் தெரியும். முன்னே இந்தப் பறி ரொம்ப ரெண்டு மணி நேரம் போதும். இப்போ பகல் பூரா ஆவுது."

2017 ஜனவரியில் எண்ணூருக்கு எதிரே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தது. படகு, வலை, அலையாத்தி மரத்தின் வேர் எல்லாம் கறுப்பு. அந்தப் பெரியவர் இரண்டையும் தன் காலால் மிதித்துப் பார்த்தவர். அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. பேத்தியின் உள்ளங்கையில் ஒரு இறாலை வைத்தார். அது துள்ளியது. அவள் போட்ட கூச்சலில் கொக்கு பறந்துவிட்டது.

மாமியார் தூரத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போல்லாம் இங்க தண்ணி அடி மண்ணு தெரியும் மாப்ளே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வடக்கே கல், தெற்கே மணல்

நாலாம் நாள் தீம் பார்க். காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டோம். லாரிகள் கண் விழிப்பதற்கு முன்னால் ராயபுரத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பது என் திட்டம். ஆனால் லாரிகள் தூங்கினால்தானே விழிக்க?

மாமியாரும் கிளம்பிவிட்டார். "உங்களுக்கு எதுக்கு அத்தை இந்த அலைச்சல்?" என்றேன்.

"நாலு நாளா அதுங்க கார்லதான் கீதுங்க. பேரன் பேத்தியைப் பாக்கணும்னா நானும் கார்லதான் ஏறணும்" என்றார். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? முன்சீட்டை அவருக்கு விட்டேன்.

காசிமேடு தாண்டும்போது துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் விளக்குப் போட்டு நின்றன. பேத்தி எழுந்து உட்கார்ந்து, "வந்துடுச்சா?" என்றாள். அவளுக்கு அது ராட்டினம்! "இல்லம்மா, இது பெரியவங்க விளையாடுறது" என்றார் அவள் அப்பா. மீன் ஏலச் சத்தம் கேட்டது. ஆயா ஜன்னலை இறக்கி வாசனை பிடித்தார். மருமகள் ஜன்னலை ஏற்றினாள். இரண்டு கிலோமீட்டருக்கு ஜன்னல் ஏறி இறங்கிக்கொண்டே வந்தது.

கடற்கரைச் சாலைக்கு வந்ததும் காட்சியே வேறு. மெரீனா! விடிகிற நேரம். கண்ணுக்கெட்டிய வரை மணல். ஜனங்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், சுண்டல் வண்டி ஒன்று தூங்குகிறது.

"ஆயா, இங்க மட்டும் எப்படி இவ்ளோ மணல்?" என்றான் பேரன்.

நான் சொன்னேன். நம் கரையில் கடல் மணலை வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லால் கை நீட்டிக் கட்ட ஆரம்பித்தார்கள். வடக்கே போன மணல் அந்தக் கையில் தடுக்கித் தெற்குப் பக்கமே நின்றுவிட்டது. நின்ற மணல்தான் மெரீனா. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அதில் நடைபாதை போட்டுப் பெயரும் வைத்தார். வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கரையைக் கடல் சாப்பிட்டது. தெருத் தெருவாக வீடுகள் போயின. அதைத் தடுக்கத்தான் நேற்று பார்த்த பாறாங்கல்.

பேரன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ இது நம்ம மணலா?"

காரில் யாரும் பதில் சொல்லவில்லை. சிக்னல் விழுந்தது.

அங்கிருந்து சாந்தோம், அடையாறு, திருவான்மியூர். பிறகு பழைய மகாபலிபுரம் சாலை. சென்னையில் விளையாட்டு என்றாலே தெற்குதான், கவனித்திருக்கிறீர்களா? ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. அங்கே எவ்வளவு சேட்டை பண்ணினாலும் சிரிக்காமல் நின்ற சிலை மனிதரைச் சிரிக்க வைக்க நாங்கள் படாத பாடில்லை. முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா திறந்தபோது, எங்கள் தெருவே ஒரு வேன் வைத்துக்கொண்டு போனது. இப்போது இள்ளலூர். வடக்கே ஒன்று? யோசித்துப் பார்த்தேன். திருவொற்றியூர் தேர்த் திருவிழாவில் வருகிற ராட்டினம்தான்.

எனக்கு இதில் ஒரு கணக்குப் புரிகிற மாதிரி இருந்தது. எதையும் தூரத் தள்ளி வைத்தால் மலிவு. விமான நிலையத்தைத் தள்ளினால் டிக்கெட் மலிவு. தீம் பார்க்கைத் தள்ளினால் நிலம் மலிவு. கரி, எண்ணெய், சாம்பல், கண்டெய்னர் எல்லாவற்றையும் வடக்கே ஒரு மூலைக்குத் தள்ளினால் மற்ற ஊருக்கு வாழ்க்கை மலிவு. மலிவு என்றால் காசு கொடுக்கவில்லை என்று அர்த்தமில்லை. வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டிக்கெட்டில் மிச்சமான ஆறாயிரத்தை எங்கள் மாமியார் வாசல் பெஞ்சியில் உட்கார்ந்து கட்டினார். ஊருக்கு மிச்சமானதை முகத்துவாரத்துப் பெரியவர் முழங்கால் தண்ணீரில் நின்று கட்டுகிறார்.

பார்க்குக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். மரத்தடியில் இட்லிப் பொட்டலம் பிரித்தோம். உள்ளே போன பிறகு குழந்தைகளைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகிவிட்டது. பேரன் 'தஞ்சோரா' என்ற ரோலர் கோஸ்டரில் கால் தொங்கத் தலைகீழாகப் போய்வந்தான். அவன் அப்பாவும் போனார். வந்து பத்து நிமிஷம் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பலமநேர் தோசையின் ஞாபகம் வந்திருக்கும். பேத்தி தண்ணீரிலிருந்து வெளியே வரவே மாட்டேன் என்றாள். கொடுத்த காசுக்கு நல்ல பொழுது; மறுக்க மாட்டேன்.

மாமியார் நிழலில் எல்லோர் பைகளையும் காவல் காத்தார். தலைகீழாகத் தொங்கிப் போகிற பேரனை அண்ணாந்து பார்த்து, "இதுக்குக் கரென்ட்டு எம்மாம் ஆவும் மாப்ளே?" என்று கேட்டார். எந்த மூலையில் எரிந்த கரி என்று மின்சாரத்தில் எழுதியிருப்பதில்லை. ஆனாலும் எண்ணூர்க் காற்றை எண்பது வருஷம் சுவாசித்தவர் கேட்டால் அந்தக் கேள்விக்கு ஒரு உரிமை வந்துவிடுகிறது.

திரும்புகிற வழியில் மூன்று மணி நேரம் காரில் ஆயா கதை சொன்னார். வண்டி கட்டிக்கொண்டு எண்ணூர் போனது, படகில் சவுக்கு விறகு வந்தது, தாத்தாவைக் காசிமேட்டில் முதலில் பார்த்தது. பின்சீட்டில் சண்டை இல்லை.

கணக்கு

ஐந்தாம் நாள் எல்லோரும் அசதியில் படுத்திருந்தோம். சாயங்காலம் வடிவுடையம்மன் கோயில். அப்படியே கடலோரம் பட்டினத்தார் சமாதி. கோடிக்கணக்கில் வியாபாரம் பண்ணிவிட்டு, காசு கூட வராது என்று தெரிந்ததும் அத்தனையையும் உதறிவிட்டு வந்தவர். அவர் சமாதித் திண்ணையில் உட்கார்ந்துதான் மச்சினர் செல்போனில் கணக்குப் போட்டார்!

டிக்கெட்டில் மிச்சம் 24,000. கார் வாடகை ஆறு நாளுக்கு 18,000. பெட்ரோல் 6,500. டோல் கேட் 1,400. ராணிப்பேட்டை லாட்ஜ் 2,800. ஆக மொத்தம் 28,700. நிகர நஷ்டம் 4,700.

"தோசையைச் சேர்க்கலே" என்றாள் அவர் மனைவி. சித்தூருக்குப் பிறகு அவள் கணக்கு விஷயமாகப் பேசிய முதல் வார்த்தை அது.

"நாள் கணக்கையும் சேர்க்கலே" என்றேன் நான். வர ஒரு நாள், போக ஒரு நாள்.

ஆறாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பினார்கள். ராத்திரி விமானத்துக்குத்தான் அந்த அவசரம். தேரடித் தெரு இருட்டில் கார் உறுமிக்கொண்டு நின்றது. குழந்தைகள் பாதித் தூக்கத்தில். மாமியார் மெதுவாக ஜன்னலருகே போனார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நாலாக மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று. பிள்ளையின் சட்டைப் பையில் வைத்தார்.

"எதுக்கும்மா?"

"அடுத்த வாட்டி மீனம்பாக்கத்துலயே எறங்குடா. ஜாஸ்தி ஆவுற காசை நானு தர்றேன். எனக்கு நாளு கம்மியாத்தான் கீது."

மச்சினர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். காரின் கண்ணாடியை அல்ல.

போன வாரம் அவரிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் தகவல் வந்தது: 'மாமா, அடுத்த லீவுக்கு நேரா சென்னைக்கே போட்டுட்டேன். ஆளுக்கு நாலாயிரம் ஜாஸ்தி. மொத்தம் பதினாறாயிரம். அம்மா குடுத்த ஐந்நூறைக் கழிச்சாச்சு. மீதி பதினஞ்சாயிரத்து ஐந்நூறுக்கு நீங்க ஏதாவது...?'

நான் பதில் அனுப்பவில்லை. மெட்ரோ கார்டில் நூறு ரூபாய் போட்டு வைத்திருக்கிறேன். போக ஐம்பது, வர ஐம்பது.